கரிசல் மேடை – 17: பாட்டு போன வழியும் நோட்டு தங்கிய வீடும்

சென்ற பகுதியை நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் மறைவோடு நிறுத்தியிருந்தேன். தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த மனிதர், பக்கவாதத்தில் வாயடைத்துப்போய், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் கண்ணை மூடினார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. நாடகக்காரர்கள் இன்றும் அங்கே போய் விழுந்து கும்பிடுகிறார்கள். கல்யாணம் கட்டாதவர், சொத்து சேர்க்காதவர். ஒரே ராத்திரியில் ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதையும் எழுதி முடித்தார் என்று டி.கே. சண்முகம் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்துப் பிரதி யாருக்குச் சொந்தம் என்று கேட்க ஒரு மகனோ மருமகனோ இருக்கவில்லை. பாடம் படித்த பிள்ளைகள்தாம் வாரிசு. ஒரு வகையில் அது கொடுப்பினை.

இந்தப் பகுதியில் வருகிறவர்கள் அப்படியல்ல. வீடு, வாசல், பெண்டு பிள்ளை, கடன் எல்லாம் உள்ளவர்கள். ஒருவர் சிவகாசிக்காரர், எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ். இன்னொருவர் விளாத்திகுளம் வட்டாரத்து நாகலாபுரத்துக்காரர், மதுரகவி பாஸ்கரதாஸ். முன்னவர் பாடினார், பின்னவர் எழுதிக் கொடுத்தார். பின்னவர் குடும்பத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். காரணம், பாடினவனை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். எழுதிக் கொடுத்தவனை வீடுதான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி என்று விரியும் இந்தக் கரிசல் காடு முழுக்க வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விழும் மழையை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் போடுவார்கள். தையில் தவசம் வீடு வந்து சேரும். மாசி, பங்குனியில் பருத்தி வெடித்துக் கையில் நாலு காசு புரளும். அதன்பிறகு அடுத்த மழை வரைக்கும் காட்டில் வேலை கிடையாது. பங்குனிப் பொங்கலும் சித்திரைக் கொடையும் வருவது அந்த நேரத்தில்தான். நாடகத்துக்கு அச்சாரம் கொடுப்பதும் அப்போதுதான். பருத்தி பொய்த்த வருஷம் ராஜபார்ட்டுக்கும் பட்டினி வருஷம். நாடகக் கலைஞர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிற பலர் சினிமாவைத் திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்த்திருக்கலாம்.

இன்னொன்று ரயில். மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1876இல். பருத்திப் பொதியை ஏற்றத்தான் வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டான். அதே தண்டவாளத்தில் ஆர்மோனியப் பெட்டியும் படுதாச் சுருளும் உடுப்புப் பெட்டியும் ஏறிக்கொண்டன. அதே 1876இல்தான் நாடகங்களுக்குக் கடிவாளம் போடும் சட்டத்தையும் கல்கத்தாவில் நிறைவேற்றினார்கள். நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன வண்டியும் அதை அடக்க வந்த சட்டமும் ஒரே வயதுக்காரர்கள்.

ரயில் வந்ததால்தான் ஸ்பெஷல் நாடகம் சாத்தியமாயிற்று. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் சுவாமிகள் பாடம் தெரியும், அதுதான் பொது மூலதனம். ராத்திரி பத்து மணிக்குப் பபூன் மேடைக்கு வந்தால், விடிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் முடிந்திருக்கும். பேசிய தொகையை வாங்கி மடியில் முடிந்துகொண்டு அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பாடம் எல்லோருக்கும் ஒன்று என்றால் ஒரு நடிகரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது எது? பாட்டுதான். போன வாரம் பக்கத்து ஊரில் பாடாத புதுப்பாட்டு ஒன்று கைவசம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் நடிகர்கள் பாட்டு வாத்தியார்களைத் தேடிப் போனார்கள். அப்படித் தேடி வரப்பட்ட வாத்தியார்களில் பெரியவர் பாஸ்கரதாஸ்.

இயற்பெயர் வெள்ளைச்சாமி. பிறந்தது 1892. மதுரை நாடக உலகம்தான் அவரை ஆளாக்கிற்று. சுவாமிகளுக்குப் பிறகு வந்த தலைமுறை அவர். சுவாமிகள் புராணத்தை மேடைக்கு ஏற்றினார் என்றால், இவர் அந்தப் புராணத்துக்குள் அன்றைய பத்திரிகைச் செய்தியை நுழைத்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலை, காந்தி கைது, கதர், கள்ளுக்கடை மறியல் எல்லாம் பாட்டாயின. கே.பி. சுந்தராம்பாளின் குரலில் காந்தியைப் பற்றிய அவருடைய பாட்டுகள் கிராமபோன் தட்டில் ஏறி, மின்சாரம் எட்டிப் பார்க்காத ஊர்களிலும் சுழன்றன. காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களாகத் தேரடியிலும் சந்தையிலும் விற்றன.

அந்தப் பாட்டுகளில் ஒன்று வெள்ளைக் கொக்கை விரட்டுகிற பாட்டு. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வள்ளி திருமணத்தில் தினைப்புனக் காட்சி உண்டு. பரண் மேல் நின்று கவண் சுற்றிப் பறவை விரட்டுவார்கள். அந்த இடத்தில் பறவையை விரட்ட எந்தப் பாட்டு வேண்டுமானாலும் பாடலாம், நாடக மரபு அதற்கு இடம் கொடுக்கிறது. விஸ்வநாத தாஸ் அந்த இடத்தில், கடல் கடந்து வந்து நம் விளைச்சலைக் கொத்திப் போகும் வெள்ளைக் கொக்கை விரட்டினார். பாட்டு பாஸ்கரதாஸுடையது என்றே பெரும்பாலோர் சொல்வர். முன்வரிசையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் என்ன எழுதுவார்? முருகக் கடவுள் கொக்கை விரட்டினார் என்றா?

எதிரே மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அவர்களே கம்பங்காட்டில் பரண் கட்டி, தகரத்தைத் தட்டி, தொண்டை கட்டக் குருவி விரட்டியவர்கள். கதிர் பால் பிடிக்கும் நாளில் ஒரு பொழுது அசந்தாலும் படைக்குருவி இறங்கிக் கதிரைச் சக்கையாக்கிவிட்டுப் போகும் என்று தெரிந்தவர்கள். விதைப்புக்கு வாங்கின கடனும் கிஸ்தியும் தலைக்கு மேல் நிற்கும்போது கதிரைக் கொத்துகிறவன் யார் என்று பாட்டு கேட்டால், கோவில்பட்டி பக்கத்துச் சம்சாரிக்கு உடம்பு சிலிர்க்காதா? மேடையில் பாடின அரசியல் பாட்டுகளில் இதற்கு மட்டும் இத்தனை ஆயுள் கிடைத்ததற்கு அதன் மெட்டு காரணமில்லை, அது உட்கார்ந்த இடம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

பாடினவருக்கு என்ன கிடைத்தது? விஸ்வநாத தாஸ் 29 முறை சிறைக்குப் போனார் என்பார்கள். 1886இல் முடிதிருத்தும் மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். ஜாதியைக் காரணம் காட்டி அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. வெள்ளைக்காரன் ஒரு பக்கம் பூட்டினான், சொந்த மேடையே இன்னொரு பக்கம் பூட்டியது. முதல் பூட்டைப் பற்றித் தியாக வரலாறுகள் நிறையப் பேசும். இரண்டாவதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடும்.

மூத்த மகன் சுப்பிரமணிய தாஸும் மேடை ஏறி, அதே மாதிரிப் பாடி, அதே மாதிரிச் சிறைக்குப் போனார். இனிமேல் பாடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றபோது, எழுதிக் கொடுக்காதே என்று தகப்பனாரிடமிருந்து தகவல் வந்ததாகச் சொல்வார்கள். மேடையில் கேட்டால் கைதட்ட வைக்கும் கதை. அந்த வீட்டில் உலை வைக்க வேண்டியிருந்த பெண்களின் பக்கத்திலிருந்து இந்தக் கதையை யாரும் சொன்னதில்லை.

விஸ்வநாத தாஸின் திருமங்கலத்து வீடு அடகில் இருந்தது. கடனை அடைக்க நாடகம் ஒன்றுதான் வழி. 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் வள்ளி திருமணம். மயில் மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்துவிட்டது. அவருக்கு வயது 54. அந்தத் திருமங்கலத்து வீடு இன்று அரசாங்கத்தின் நினைவு இல்லம்.

இனி எழுதிக் கொடுத்தவரின் கணக்கு.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. தமிழ் பேசின முதல் படம். எச்.எம். ரெட்டி இயக்கம், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. பம்பாயில் எடுத்தார்கள். கதாநாயகி தமிழிலும் கதாநாயகன் தெலுங்கிலும் பேசிக்கொண்டார்கள், ஜனங்கள் கவலைப்படவில்லை. பாட்டு எழுதியவர் பாஸ்கரதாஸ். காளிதாசன் கதையில் ராட்டைக்கு என்ன வேலை? ஆனாலும் காந்தியின் ராட்டைப் பாட்டு ஒன்று அந்தப் படத்தில் இருந்தது. நாடக மேடையில் தினைப்புனத்துக்குள் கொக்கைப் பறக்கவிட்ட அதே கை, அதே தந்திரம். இப்படியாக நாகலாபுரத்துக்காரர் தமிழ்ச் சினிமாவின் முதல் பாட்டாசிரியர் ஆனார்.

அந்தப் படத்தின் பிரதி இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தாலும் மிஞ்சாது, கிடப்பில் கிடந்தாலும் மிஞ்சாது. அக்காலத்துத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொலைந்தன. மேடை நாடகம் விடிந்தால் கலைந்துவிடும், சினிமாதான் நிலைக்கும் என்று நம்பிப் போனவர்களுக்குக் கிடைத்தது இதுதான்.

அடுத்தது பணம். மேடைக்குப் பாட்டு எழுதினால் நடிகர் கையில் இருப்பதைக் கொடுப்பார். பாட்டு அதோடு அவருடையது. தட்டில் பதிவானால் தட்டில் பெயர் பாடகருடையது. புத்தகமாக அச்சானால் லாபம் அச்சுக்கூடத்துக்காரருடையது. எழுதினவர் வீட்டுக்குள் அந்தப் பாட்டின் பேரில் இரண்டாவது முறை ஒரு காசு வர வழியில்லை. 1914இலேயே காப்புரிமைச் சட்டம் இருந்தது என்பது வேறு விஷயம். காலணாப் புத்தகத்துக்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? பாட்டுக்காரர்களுக்கு உரிமைத் தொகை வசூலிக்கும் சங்கம் இந்தியாவில் அமைந்ததே 1969இல்தான். அப்போதும் சினிமாத் தயாரிப்பாளர் எல்லா உரிமையையும் மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். பாட்டாசிரியரின் பங்கைப் பறிக்க முடியாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2012இல், ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவில் நின்று மன்றாடிய பிறகு. ‘காளிதாஸ்’ வந்து 81 வருஷம் கழித்து.

பாஸ்கரதாஸ் இறந்தது 1952 டிசம்பரில். ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும் என்பது நம் சட்டம். கூட்டிப் பார்த்தால் 2012 டிசம்பர் 31 அன்று அவர் பாட்டுகளின் உரிமை காலாவதி. பாட்டெழுதுகிறவனுக்குச் சட்டம் கண் திறந்த அதே வருஷம் அவர் வீட்டுக்குக் கதவு சாத்தப்பட்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் எனக்கு இந்தக் கணக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இதே கரிசலில், எட்டயபுரத்தில் பிறந்த பாரதிக்கு நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாரதியின் பாட்டுகளை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. அதற்காக ஊரே கொதித்தது. 1949இல் அரசாங்கம் பாரதியைப் பொதுச் சொத்தாக்கியது. பாஸ்கரதாஸுக்கு அந்தச் சண்டை தேவைப்படவில்லை. அவர் பாட்டு பிறந்த மறுநாளே பொதுச் சொத்து. ஆனால் பெயர் இல்லாத பொதுச் சொத்து.

சரி, வீட்டில் என்ன மிஞ்சியது? நோட்டுகள் மிஞ்சின. முப்பது வருஷத்துக்கு மேல் அவர் நாட்குறிப்பு எழுதி வந்தார். இது சாதாரண விஷயமில்லை. தமிழ் நாடக உலகத்தின் நினைவு நூல்கள் என்று நாம் எடுத்துப் படிப்பவை பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’, டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’. இரண்டும் அருமையானவை. ஆனால் இரண்டும் பின்னாளில் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை. பம்மலார் வக்கீல், ஜட்ஜ். சாயந்தரம் கோர்ட் முடிந்து மேடை ஏறியவர். சண்முகம் கம்பெனி நடத்தியவர். ஆளும் பெரிய ஆள், எழுதும்போது புகழும் வந்தாகிவிட்டது. பாஸ்கரதாஸ் எழுதியதோ அன்றன்றைக்கு. எந்த ஊருக்குப் போனது, யாரைப் பார்த்தது, யாருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, என்ன வந்தது, என்ன செலவானது. நாளைக்கு யார் பெரிய ஆள் ஆவார், யார் சோற்றுக்கு அலைவார் என்று தெரியாமல் எழுதப்பட்ட குறிப்பில் எல்லோரும் ஒரே உயரத்தில் நிற்பார்கள். தோற்றுப்போன நடிகருக்கும் ஒரு வரி கிடைக்கும்.

அந்த நோட்டுகளைத் தேடி எடுத்துத் தொகுத்தவர் மகள் வழிப் பேரன் முருகபூபதி. நாட்குறிப்புகள் பாரதி புத்தகாலயத்தின் வெளியீடாகப் பெரிய புத்தகமாக வந்தன. தாத்தா இறந்து அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

மகள் வழி என்பதைக் கவனிக்க வேண்டும். நாடகக் குடும்பத்து ஆண் பிள்ளைகளை மேடை இழுக்கும், இல்லையென்றால் நாடகமே வேண்டாம் என்று உத்தியோகத்துக்கு விரட்டும். பெண் பிள்ளை கட்டிக்கொடுத்த ஊருக்குக் கதையை எடுத்துக்கொண்டு போவாள். இந்தக் குடும்பத்தில் தாத்தாவுக்கும் பேரன்களுக்கும் நடுவே நிற்கிற ஆள் ஓர் அம்மா. வரலாற்றில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. நடிகனின் பெயர், கவியின் பெயர், தொகுப்பாசிரியன் பெயர் எல்லாம் அட்டையில் வரும். கதையை இரண்டு தலைமுறைக்குக் கடத்தியவர் பெயர் வராது.

பேரன்கள் மூவரையும் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். மூத்தவர் ச. தமிழ்ச்செல்வன். ராணுவத்திலும் தபால் துறையிலும் வேலை பார்த்தவர், அறிவொளி இயக்கத்திலும் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்திலும் ஊர் ஊராகத் திரிந்தவர். அவருடைய ‘வெயிலோடு போய்’ கதைதான் 2008இல் சசி இயக்கிய ‘பூ’ படத்துக்கு ஆதாரம். முதல் தமிழ்ப் பேசும் படத்துக்குப் பாட்டெழுதியவரின் பேரன் கதை, தீப்பெட்டிக் கட்டோடும் கரிசல் வெயிலோடும் சினிமாவுக்குப் போனது. அடுத்தவர் கோணங்கி. ‘மதினிமார்கள் கதை’யில் தொடங்கி, ‘பாழி’, ‘பிதிரா’ என்று வேறொரு மொழிக்குள் போனவர், கோவில்பட்டியிலிருந்து ‘கல்குதிரை’ நடத்தியவர். இளையவர்தான் முருகபூபதி. மணல்மகுடி நாடக நிலத்தின் இயக்குநர். ‘செம்மூதாய்’, ‘கூந்தல் நகரம்’, ‘மிருகவிதூஷகம்’ என்று அவர் போட்ட நாடகங்களில் தாத்தாவின் மேடையைத் தேடினால் கிடைக்காது. ராஜபார்ட்டும் இல்லை, தர்க்கமும் இல்லை. வசனத்தைவிட உடம்பும் சடங்கும் அதிகம். தாத்தா மணலில் உட்கார்ந்த சம்சாரிக்கு எழுதினார், பேரனுடைய பார்வையாளர்கள் பெரும்பாலும் சிற்றிதழ் வாசகர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தொடர்ச்சி என்று பெருமைப்படும்போது இந்த முறிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்றபடி நம் காலத்தில் வாழ்கிறவர்களைப் பற்றிய தீர்ப்பைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவிடுகிறேன். என் தொடர் தாத்தாவைப் பற்றியது.

சம்சாரிக்கு முன்னால் நடந்த அந்த நாடகம் என்ன ஆயிற்று? அடியோடு ஒழியவில்லை. பங்குனி, சித்திரையில் கரிசல் கிராமங்களில் இன்றும் வள்ளி திருமணம் போடுகிறார்கள். பபூன் சிரிக்கவைக்கும் நேரம் கூடியிருக்கிறது, பாட்டின் நேரம் குறைந்திருக்கிறது. ஜமீன்கள் 1948 சட்டத்தோடு போயின. அதோடு ஒருவகை ஆதரவும் போயிற்று. பருத்தி குறைந்து காடு முழுக்கச் சீமைக் கருவேலம் ஏறிற்று. தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் போகிறவர் விடிய விடிய உட்கார்ந்து நாடகம் பார்த்துவிட்டு, காலை சங்குக்கு எப்படி வேலைக்குப் போவார்? சினிமா மட்டுமே நாடகத்தைத் தின்றது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வேலையில்லாத ஆறு மாதம் என்ற ஒன்று கரிசலில் இல்லாமல் போனது பெரிய காரணம்.

பாஸ்கரதாஸின் பாட்டுகளில் எழுத்தாக இருப்பவற்றைத் தேடிப் பிடித்துவிடலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீசுகளும் நிறைய இருக்கின்றன. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்தவை அவை. சிக்கல் மெட்டில்தான். புத்தகத்தில் ராகமும் தாளமும் பெயராக அச்சாகியிருக்கும், அல்லது அன்றைக்குப் பிரபலமான ஒரு பாட்டைச் சொல்லி அந்த வர்ணமெட்டு என்று போட்டிருக்கும். அந்தப் பிரபலமான பாட்டு இன்று யாருக்கும் தெரியாது. அதை எடுத்துப் பாடக்கூடியவர்கள் வயதான ஆர்மோனியக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் மட்டுமே. அவர்களையும் வருஷத்துக்கு வருஷம் இழந்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே இந்தப் பகுதியை ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்து வாசகர்கள் யார் வீட்டிலாவது பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ, நாடக நோட்டீசோ, கிராமபோன் தட்டோ இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். பாஸ்கரதாஸின் பாட்டுகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டதால் அவற்றை அச்சிடவும் பாடவும் சட்டத் தடை எதுவுமில்லை. உங்கள் ஊரில் பழைய நாடக ஆர்மோனியக்காரர் யாரேனும் இருந்தால், இந்தப் பங்குனிக்குள் அவரை உட்காரவைத்து, தெரிந்த மெட்டையெல்லாம் பாடச் சொல்லி உங்கள் செல்போனில் பதிவு செய்துவிடுங்கள். யார் பாட்டு, யாரிடம் கற்றது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியுங்கள்.

(தொடரும்)